ஜி டிரைவுக்கு ஒரு நோட்டீஸ்

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, கோர்ட் அமீனாவின் மனைவி தன் சொந்த வீட்டில், தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே வெளியேற்றப்பட்டாள்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க வெள்ளையானது. நடுவில் சிவப்பில் ஒரே ஒரு வரி: 'அனுமதியில்லாத வேறு சாளரம் கண்டறியப்பட்டது. தேர்வு முடிக்கப்பட்டது.'

"ஏங்க! மறுபடியும் அந்த சனியன் எட்டிப் பாத்துட்டான்!"

ஹாலில் அமீனா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை முடித்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்த வெளியேற்றத்துக்கும் அவர் ஓடியதில்லை. நடந்துதான் போவார்.

கோர்ட் அமீனா. உத்தரவோடு போய், குடியிருப்பவரிடம் படித்துக் காட்டி, சாமான்களைப் பட்டியல் எழுதி, வெளியே எடுத்து வைத்து, கதவைப் பூட்டி அரக்கு சீல் வைப்பது வேலை. அழுதவர்கள் உண்டு, நாயை அவிழ்த்து விட்டவர்கள் உண்டு, மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றவர்கள் உண்டு. எல்லாருக்கும் அவரிடம் ஒரே முகம்தான். மனைவி அதை 'ரப்பர் ஸ்டாம்ப் முகம்' என்பாள்.

அந்த முகத்தோடு திரையைப் பார்த்தார்.

"மாதிரிப் பரீட்சைதானே?"

"இப்ப மாதிரி. பதினோரு மணிக்கு நிஜம். அப்பவும் இவன் வந்து நின்னான்னா நான் எங்க போயி நிக்கிறது?"

கேள்வி நியாயமானது. அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். தலைமை டெக்னீஷியன் உரிமத்துக்கான பரீட்சையை ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை இரண்டு மார்க்கில் போனது. இரண்டாம் முறை அறுபத்தோராவது கேள்வியில் இன்டர்நெட் போனது. இன்றைக்கு மூன்றாவது. இதுவும் போனால், அவளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தி தலைமையாகி, அவளுக்கே லீவு சாங்ஷன் பண்ணுவாள்.

வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் இன்னொரு முகம் தெரியக் கூடாது. இன்னொரு குரல் கேட்கக் கூடாது. திரையில் இன்னொரு பெட்டி முளைக்கக் கூடாது. எது நடந்தாலும் பரீட்சை அங்கேயே முடிந்தது, அப்பீல் கிடையாது. எந்தக் கம்ப்யூட்டரில் எழுதப் போகிறாள் என்பதைக்கூட ஒரு வாரம் முன்பே பதிவு செய்தாயிற்று. பக்கத்து வீட்டில் இரவல் கேட்கவும் வழியில்லை.

முளைப்பவன் பெயர் ஜி.

இரண்டு நாள் முன்னால் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் ஒன்றரை மணி நேரம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. புதுப்பித்து முடித்துக் கண் விழித்தபோது, சி டிரைவ், டி டிரைவ் என்று இருந்த இடத்தில் மூன்றாவதாக ஜி டிரைவ் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரும் வாங்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. அதன் கீழே ஒரு பட்டை, ரத்தச் சிவப்பில், விளிம்பு வரை நிரம்பி. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பும்: 'ஜி டிரைவில் இடம் போதவில்லை.' அறிவிப்புகளை எல்லாம் அணைத்துப் பார்த்தாயிற்று. அப்போதும் எழும்பியது.

"தள்ளு," என்று சொல்லி அமீனா நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜி-யைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. காலி.

"உள்ள யாரும் இல்ல. ஆனா இடத்த பூராவும் அடைச்சுக்கிட்டிருக்கான்."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நம்ம வீட்டுக்கு வந்து தங்குற மாதிரி."

அமீனா அதைக் காதில் வாங்காமல் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். இந்த மாதிரி வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். முன்னறை பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். உள்ளறையில் கூரை வரை சாமான் இருக்கும். எழுதினார்: 'வ.எண் 1. ஜி எனப்படும் டிரைவ் ஒன்று. கொள்ளளவு 499 எம்பி. உள்ளே சாமான்: காணப்படவில்லை. நிலை: நிரம்பியுள்ளது.'

"எழுதி என்ன பண்ணப் போறீங்க? அது படிக்கவா போகுது?"

"அது படிக்கிறதுக்கு இல்லம்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணு காணோம்னு கிளம்புச்சுன்னா, நம்ம கையில பேப்பர் இருக்கணும்."

அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்றது.

"நிர்வாகி யாரு?"

"நீங்கதான். உங்க பேர்லதான் போட்டிருக்கு."

அமீனா தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டு 'தொடர்க' என்பதை அமுக்கினார். பதில் உடனே வந்தது: 'அனுமதி மறுக்கப்பட்டது. இதை நீக்க சிஸ்டத்திடம் அனுமதி பெறவும்.'

இரண்டு தரம் படித்தார். மொட்டை மாடியில் ஏறியவன்கூட, என்னை வெளியேற்ற என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டு வா என்று சொன்னதில்லை.

"தம்பிய கூப்பிடுறேன்," என்றாள் மனைவி.

அமீனா நோட்டை மூடினார். "பத்து நிமிஷம் குடு."

"மூணு வருஷம் ஆச்சுங்க."

"பத்து நிமிஷம்னு சொன்னேன்."

அவள் குளிக்கப் போனாள். துண்டை உதறிய சத்தத்தில் மீதிப் பேச்சு இருந்தது.

அவளுடைய தம்பிக்கு வீட்டில் பெயர் ஸ்க்ரூ. ஏழு வயதில் ரேடியோவைக் கழற்றியவன், முப்பது வயதில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்தான். அந்தக் கடைக்கு மூன்று வருஷம் முன்னால் சீல் வைத்தது வேறு யாருமில்லை, இந்த அமீனாதான்.

இடிக்க வேண்டிய ஒரு பழைய கட்டடத்தைக் காலி செய்யும் உத்தரவு. கதவு எண் 14 என்று போட்டிருந்தது. அந்தத் தெருவில் முனிசிபாலிடி அப்போதுதான் எண்களை மாற்றியிருந்தது. ஒவ்வொரு கதவிலும் இரண்டு பலகை: நீலத்தில் பழைய எண், வெள்ளையில் புது எண். உத்தரவு சொன்னது புது 14. ஆளில்லாத ஒரு கிடங்கு. அமீனா சீல் வைத்தது நீல 14, ஸ்க்ரூவின் கடை. அவன் ஏதோ ஒரு வீட்டுக்கு பிரிண்டர் பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது பூட்டின் மேல் அரக்கு இன்னும் காயவில்லை.

தவறு தெரிந்து சீலை எடுக்கப் பதினோரு நாள் ஆனது. உள்ளே மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்களுக்குச் சொந்தக்காரர்கள் பதினோரு நாளும் வந்து வாசலில் நின்று கத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் சாமானை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவேயில்லை. கடையை மூடிவிட்டு ஸ்க்ரூ வீடு வீடாகப் போய் வேலை பார்க்க ஆரம்பித்தான். 'எண் குழப்பம், முனிசிபாலிடியின் பிழை' என்று பைல் மூடப்பட்டது. "உத்தரவுல பதினாலுன்னு இருந்துச்சு. பதினாலுக்கு வெச்சேன்," என்பதுதான் இந்த மூன்று வருஷமாக அமீனா சொன்னது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அவரிடம் இருந்தது பத்து நிமிஷம். மொபைலில் தேடினார். 'பிடிவாதமான டிரைவை ஒரே கட்டளையில் ஒழித்துக்கட்டுவது எப்படி?' என்று ஒரு பக்கம் அகப்பட்டது. தலைப்பில் இருந்த தெம்பு அவருக்குப் பிடித்துப் போனது.

அதில் சொன்னபடி கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தார். பட்டியல் கேட்டார், வந்தது. ஜி-க்கு நேரே எண் 4. நோட்டில் '4' என்று எழுதி வட்டம் போட்டார். அடுத்த கட்டளை: 'செலக்ட் பார்ட்டிஷன்', பிறகு எண். நாலைப் போட்டு என்டரைத் தட்டினார். தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. எதிர்ப்பு இல்லை. அடுத்தது: 'டிலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு'. யார் என்ன சொன்னாலும் கேட்காதே, அழி என்று அர்த்தம் என அந்தப் பக்கத்தில் விளக்கம் போட்டிருந்தது. போலீஸ் துணையோடு போகிற மாதிரி.

எழுத்து எழுத்தாகத் தட்டினார். சரிபார்த்தார். வலது கை ஆள்காட்டி விரல் என்டருக்கு மேலே போய் நின்றது.

"அத்தான்."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஈரத் தலையும் துண்டுமாக மனைவி நின்றாள். கையில் போன், ஸ்பீக்கரில். பத்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"அத்தான், ஸ்க்ரீன்ல என்ன இருக்கு? இருக்கிறத அப்படியே படிங்க."

மூன்று வருஷத்தில் ஸ்க்ரூ அவரிடம் பேசிய முதல் பேச்சு இது. சௌக்கியம் விசாரிக்கவில்லை.

அமீனா கோர்ட்டில் உத்தரவு படிப்பது போலப் படித்தார்.

"என்டர் தட்டியாச்சா?"

"ஒண்ணுக்குத் தட்டியாச்சு. ரெண்டாவதுக்கு இன்னும் இல்ல."

"கைய எடுங்க. கீபோர்டுலேர்ந்து கைய எடுங்க. அக்கா, எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாரு. மடியில வெச்சிருக்காரு."

"அத்தான், அந்த நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

"லிஸ்ட்ல இருக்கு. ஜி-க்கு நேரா நாலுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்."

"எந்த லிஸ்ட்?"

"லிஸ்ட்னா லிஸ்ட்தான்."

"ரெண்டு லிஸ்ட் இருக்கு. வால்யூம் லிஸ்ட்னு ஒண்ணு, பார்ட்டிஷன் லிஸ்ட்னு ஒண்ணு. ரெண்டுலயும் இருக்கிறது ஒரே வீடுங்கதான். ஆனா நம்பர் வேற வேற. பழைய கதவு எண், புது கதவு எண் மாதிரி."

மனைவியின் தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"இப்ப பார்ட்டிஷன் லிஸ்ட் கேளுங்க. நாலுக்கு நேரா அளவு என்ன போட்டிருக்கு?"

அமீனா தட்டியிருந்ததை அழித்துவிட்டு அந்தப் பட்டியலைக் கேட்டார். அளவைச் சொன்னார். 499 இல்லை. அதைப் போல நானூறு மடங்கு. 499 அடுத்த வரியில், அஞ்சுக்கு நேரே இருந்தது; அதையும் சொன்னார்.

"அது டி டிரைவு," என்றான் ஸ்க்ரூ. "ஜி அதுல அஞ்சாம் நம்பர். அக்கா, பரீட்சை சாஃப்ட்வேர் எதுல போட்டிருக்க?"

"டி-ல."

"ஹால் டிக்கெட்டு?"

"டி-ல."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அமீனா தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தது.

"தெரியாம பண்ணிட்டீங்க, விடுங்க," என்றது போன். "ஜி-ய அழிக்கவே வேணாம் அத்தான். அது சிஸ்டம் தன்னோட ரிப்பேர் சாமான வெச்சுக்கிற ரூமு. மெஷின் என்னைக்காவது படுத்துச்சுன்னா எழுப்பி விடுறது அதுதான். அது என்னைக்கும் உள்ளதான் இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியாம. அப்டேட் வந்தப்ப தப்பா அதுக்கு ஒரு எழுத்த ஒட்டிட்டான். அதான் வாசல்ல வந்து நின்னு இடம் இல்ல, இடம் இல்லன்னு கத்துது. அந்த எழுத்த மட்டும் பிச்சு எடுத்துட்டா வாய மூடிக்கும்."

"அப்ப ஆளு உள்ளயே இருப்பான்?"

"இருப்பான்."

"நம்பர் பலகைய மட்டும் கழட்டணும்?"

"அதேதான்."

அமீனாவுக்கு இது தொழில் ரீதியாக உறுத்தியது. நோட்டீஸுக்குப் பயந்து கதவு எண் பலகையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்த ஒருவனை, அவர் நாலு நாள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அது மோசடி என்று கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அவர்தான்.

"முறைப்படி பாத்தா இது..."

"மணி ஒம்போது அம்பதுங்க," என்றாள் மனைவி.

"சரி. ஆனா ஒரு நிமிஷம். ரெண்டு பேர விசாரிக்கணும்."

"எந்த ரெண்டு பேர?"

"நீ ஒண்ணு. போன்ல இருக்கிறவன் ஒண்ணு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வால்யூம் லிஸ்ட். எண் நாலு. எழுத்து ஜி. அளவு நானூத்தித் தொண்ணூத்தொம்போது. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ?"

"நான் எங்க பாக்கிறது? நீங்க படிச்சத கேட்டேன்."

"கேட்ட சாட்சி. போதும்."

ஸ்க்ரூ ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், அமீனா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வால்யூம் நாலைத் தேர்ந்தெடு. ஜி என்ற எழுத்தை எடு. என்டர்.

வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. ஜி இல்லை. சிவப்புப் பட்டை இல்லை. சி-யும் டி-யும் இரண்டு நாளாக ஒன்றுமே நடக்காதது போல இருந்தன.

"ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாருங்க. மறுபடி தலைய நீட்டுறானான்னு பாக்கணும்," என்றான் ஸ்க்ரூ. போனை வைத்துவிட்டான்.

அணைத்துப் போட்டார்கள். நீட்டவில்லை. அவள் மாதிரிப் பரீட்சையை மறுபடி ஆரம்பித்தாள். அமீனா கதவோரம் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி திரையின் மூலையைக் காவல் காத்தார். இருபத்தைந்து நிமிஷம். எதுவும் முளைக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு வாசல் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். திறந்தால் ஸ்க்ரூ. நெற்றி வியர்வையும் தோளில் சாமான் பையுமாக நின்றான்.

"பெல் இருக்கே," என்றார் அமீனா. மூன்று வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவனிடம் வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுக்குத்தான் வந்தேன். பரீட்சை நடுவுல எவனாவது வந்து பெல்ல அமுக்குனா?"

பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெல்லின் மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் அக்கா அறை வாசலில் நின்று பார்த்தாள்.

"டேய். இளைச்சுட்டடா."

"போயி உக்காரு அக்கா. போன எல்லாம் அணைச்சு வெளிய வை. தண்ணி பாட்டில் உள்ள இருக்கா? கேமரால தெரியாத பக்கமா வை. போ."

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறைக் கதவு சாத்தப்பட்டது.

ஹாலில் இரண்டு ஆண்கள், ஒரு இஸ்திரி மேஜை, காலர் மட்டும் முடிந்த ஒரு சட்டை. இரண்டு மணி நேரம். பேசக் கூடாது. கதவு மெல்லியது, மைக் கூர்மையானது.

மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது. ஸ்க்ரூ அதை அண்ணாந்து பார்த்தான். எழுந்து போய் அணைத்தான். இருவருக்கும் வேர்க்க ஆரம்பித்தது.

அரை மணி போனது. ஸ்க்ரூ எதிர்ச் சுவரைப் பார்த்தான். அமீனா ஸ்க்ரூ பார்த்த சுவரைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். எழுதினார், அடித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். மனுஷன் பேசுகிற மாதிரி எழுதினால் வரவேயில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதி, நோட்டைத் தரையோடு தரையாக ஸ்க்ரூ பக்கம் தள்ளினார்.

'மேற்படி தெரு, கதவு எண் 14 (பழையது) சீல் வைக்கப்பட்ட நாளன்று, கீழே கையொப்பமிட்டுள்ள அமீனாவாகிய நான் அண்டை வீட்டார் இருவரை விசாரிக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றவில்லை. மழை பெய்தது. விசாரித்ததாகப் படிவத்தில் அச்சடித்திருந்த வரியை அடிக்காமல் விட்டேன். வேறு எண் போட்ட வெள்ளைப் பலகை கதவின் வலப்பக்கம் இருந்தது. அதைப் பார்த்தேன். சொந்த மச்சான் கடை என்றும் பார்க்காமல் சீல் வைத்தான் என்று நாலு பேர் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொன்னார்கள். மேற்படி தவறு முனிசிபாலிடியுடையதல்ல. என்னுடையது.'

கீழே முழுக் கையெழுத்து, தேதி.

ஸ்க்ரூ ஒரு தரம் படித்தான். 'அதைப் பார்த்தேன்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தான். அவன் முகம் சிவந்தது. எழுந்து நின்றான். வாசல் கதவைப் பார்த்தான். பிறகு அக்காவின் அறைக் கதவைப் பார்த்தான். உட்கார்ந்தான். கத்த முடியாத இடத்தில் கோபப்படுவது சுலபமில்லை. கை நீட்டிப் பேனாவை வாங்கினான்.

'கடையில் இருந்த கம்ப்யூட்டர் 23. உங்கள் பட்டியலில் 22.'

நோட்டு திரும்பி வந்தது. அமீனா படித்தார். சீல் வைத்த அன்றிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. எழுதினார்.

'மேற்படி 23-வது, என் மனைவியால் சர்வீஸுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சீல் வைப்பதற்கு முன் எடுத்து வந்துவிட்டேன். குடைக்குள்.'

ஸ்க்ரூ படித்தான். தலையைத் தூக்கி அமீனாவைப் பார்த்தான். அந்த ரப்பர் ஸ்டாம்ப் முகத்தையும், அது ஒரு கம்ப்யூட்டரைக் குடைக்குள் கட்டிப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்ததையும் சேர்த்து நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது. பிறகு சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தான். உள்ளே அவன் அக்கா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது அதே கம்ப்யூட்டரில்தான்.

முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. வாயைப் பொத்தினான். பொத்திய கைக்குள்ளிருந்து சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அமீனா பதறிப் போய் அறைக் கதவைக் காட்டினார். ஸ்க்ரூ இஸ்திரி மேஜையில் கிடந்த சட்டையை இழுத்து முகத்தில் அமுக்கிக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, வாசல் கதவைத் திறந்து, தெருக்கோடி வரை ஓடினான். அங்கே போய் ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்.

அமீனா அவன் பின்னாலேயே போனார். நடந்துதான் போனார்.

"பதினோரு நாளு," என்றான் ஸ்க்ரூ, சிரிப்புக்கு நடுவில். பிறகு அது சிரிப்பாக இல்லை. "பதினோரு நாளு அந்த வாசல்ல நின்னேன் அத்தான். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம், எங்க அத்தான் நேர்மையான ஆளு, ரூலுன்னா ரூலு, அவரால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உங்களுக்காக நான் பேசுனேன்."

அமீனாவிடம் அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

"தப்புதான், மச்சான்," என்றார்.

ஸ்க்ரூ சட்டையால் முகத்தைத் துடைத்தான். சைக்கிள்காரர் போய்விட்டார்.

"அந்தப் பேப்பர நான் வெச்சுக்குறேன்."

"வெச்சுக்க. கோர்ட்டுல குடுக்கணும்னாலும் குடு."

"குடுக்கிறதப் பத்தி நான் யோசிக்கணும். இன்னைக்கு யோசிக்க முடியாது. இன்னைக்கு அக்கா பரீட்சை."

திரும்பி வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, பழையபடி உட்கார்ந்தார்கள். மின்விசிறியைப் போடவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அறைக் கதவு திறந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் பேசலாமா என்று தெரியவில்லை.

"முடிச்சாச்சு. வாய தொறக்கலாம்."

"அவன் வந்தானா?" என்றார் அமீனா.

"வரல. நூறு கேள்வியும் நானும் மட்டும்தான். மார்க்கு உடனே காட்டிட்டான்." கண்ணாடியை மாட்டினாள். "எழுபது வேணும். எழுபத்தெட்டு."

ஸ்க்ரூ அக்காவின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தான். அவள் திருப்பி வைத்தாள். அமீனா, "நல்லது," என்றார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அறைக்குள் போய், கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, அதன் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வந்தார். வந்தபோது அவள் கையில் நோட்டு இருந்தது. கடைசி வரி வரை வந்துவிட்டிருந்தாள்.

"ஏங்க. அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டு வந்து, சர்வீஸ் முடிஞ்சுடுச்சு, தம்பி குடுத்தனுப்பினான்னு சொன்னீங்கள்ல?"

அமீனா கொஞ்சம் யோசித்தார். "மூணு வருஷம் ஆச்சு. என்ன சொன்னேன்னு உறுதி பண்ணணும்னா ரெண்டு பேர விசாரிக்கணும்."

"நான் ஒருத்தன் இருக்கேன் அக்கா," என்றான் ஸ்க்ரூ. "நான் குடுத்தனுப்பல. இன்னொரு சாட்சி உள்ள இருக்கான். அன்னைக்கு அவனும்தான் குடைக்குள்ள வந்தான். இப்ப வாசல்ல நம்பர் பலகை இல்ல, அவ்வளவுதான்."

அவள் பேனாவை வாங்கி, அமீனாவின் கையெழுத்துக்குக் கீழே சாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை நோட்டிலிருந்து கிழித்து, நாலாக மடித்துத் தம்பியிடம் கொடுத்தாள். புருஷனைப் பார்த்த பார்வையில் இன்று ராத்திரிக்கும் நாளைக்கும் வேண்டிய பேச்சு முழுக்க இருந்தது.

ஸ்க்ரூ பேட்டரியைத் திரும்பப் போட்டு, மூடியை முடுக்கி, பெல்லை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தான். அடித்தது.

அமீனா கசங்கிக் கிடந்த சட்டையை எடுத்து உதறி மேஜையில் விரித்தார். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காலரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.